அயலகத்தில் ஒரு விருந்தினர்: 'டாக்டர் ஹூ' தொடரில் காணத்தக்க கதைகள்

பிறந்த ஊரை விட்டு, தொழிலின் பொருட்டு வேறு மாநிலத்தில் குடியேறி வாழ்வோரின் மனத்தில் ஒரு கேள்வி அவ்வப்போது எழாமற்போகாது. வந்த இடத்தில் நடக்கும் காரியங்களில் நாம் எந்த அளவுக்குத் தலையிடலாம்? அவ்வூர் வழக்கம் ஒன்று நம் கண்ணுக்குத் தவறாகப் பட்டால் வாய் திறந்து சொல்வதா, விருந்தாளியின் அடக்கத்தோடு வாளாவிருப்பதா? குடியிருப்புச் சங்கத்தின் கூட்டத்திலும், பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும், பக்கத்து வீட்டுத் திருமணத்திலும் இக்கேள்வி சிறிய உருவில் நம் முன் வந்து நிற்கிறது.

இதே கேள்வியை மிகப் பெரிய உருவில் எடுத்துக்கொண்டு கதை சொன்ன தொலைக்காட்சித் தொடர் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி. 1963ஆம் ஆண்டில் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரே அது. நம் பிள்ளைகளுள் பலர் இதன் பெயரை அறிவர். சிலர் இதன் பிற்காலக் கதைகளைப் பார்த்துமிருப்பர். ஆயின் பழைய கதைகள் எண்ணிக்கையில் மிகுந்தவை. எதை எடுப்பது, எதை விடுப்பது என்று அறியாமல் திகைத்துக் கைவிடுவோர் பலர். அவர்களுக்கு உதவியாகச் சில கதைகளைத் தேர்ந்து இங்கே கூற விரும்புகிறோம்.

முதலில் தொடரின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். கதைத்தலைவரை எல்லோரும் 'டாக்டர்' என்றே அழைக்கிறார்கள். அவர் வைத்தியரல்லர், கல்வியால் வந்த பட்டமே அவருக்குப் பெயராக நிற்கிறது. இயற்பெயர் இன்னதென்று எவருக்கும் தெரியாது. 'டாக்டர் யார்?' என்ற வினாவே தொடரின் தலைப்பு. அவர் வேறொரு கிரகத்தில் பிறந்தவர். தம் இனத்தாரோடு ஒத்துப்போகாமல் அங்கிருந்து வெளியேறியவர். காலத்திலும் இடத்திலும் ஒருங்கே பயணம் செய்யும் ஊர்தி ஒன்று அவரிடம் உண்டு. அதன் பெயர் டார்டிஸ். போய் இறங்கும் இடத்துக்குத் தக்கவாறு உருமாற வேண்டிய அந்த ஊர்தியில் ஏதோ பழுது நேர்ந்துவிட்டது. ஆகவே அக்காலத்து இங்கிலாந்தின் தெருக்களில், போலீசாரை அழைப்பதற்காக நிறுத்தியிருந்த நீல நிறத் தொலைபேசிக் கூண்டின் வடிவிலேயே அது எங்கும் தோன்றுகிறது. வெளியே சிறு கூண்டு. கதவைத் திறந்தால் உள்ளே விசாலமான கூடம்.

1963 முதல் 1989 வரை இருபத்தாறு ஆண்டுகள் இத்தொடர் பருவந்தோறும் தவறாமல் நடந்தது. பின்னர் நின்று, 1996இல் ஒரே ஒரு திரைப்படமாக மட்டும் தலைகாட்டி, 2005இல் மீண்டும் உயிர் பெற்றது. இதுவரை வெளிவந்துள்ள பகுதிகள் எண்ணூறுக்கு மேல். இவ்வளவு நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம், 1966ஆம் ஆண்டில் தேவை கருதிச் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நிலை தளர்ந்தபோது, தொடரை நிறுத்த மனமில்லாத தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டார்கள். டாக்டரின் உடல் நைந்துபோகும்போது அது புதுப்பித்துக்கொண்டு வேறொரு முகத்தோடு எழும் என்று கதையிலேயே அமைத்துவிட்டார்கள். இரண்டாம் டாக்டராக பாட்ரிக் ட்ரௌட்டன் வந்தார். அன்று முதல் நடிகர் மாறினாலும் பாத்திரம் மாறுவதில்லை.

தொடரைத் தோற்றுவித்தவர்களுள் இருவரை நாம் அறிந்துகொள்ள வேண்டும். முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பெர்ட் என்ற பெண்மணி. அப்போது அவருக்கு வயது 27. முதற் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசேன். இவர் 1938இல் லட்சுமணபுரி என்று நாம் முன்னர் எழுதி வந்த லக்னோவில் பிறந்தவர், இவருடைய அன்னையார் அத்தியா ஹுசேன், ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற நாவலாசிரியை, பி.பி.சி.யின் கீழை நாட்டு ஒலிபரப்பிலும் பணியாற்றியவர். பிரிட்டிஷ் மக்களின் சனிக்கிழமை மாலையோடு ஒன்றிப்போன ஒரு தொடரின் தொடக்கத்தை, தாயகம் விட்டுச் சென்ற இந்தியர் ஒருவரும் இளம்பெண் ஒருவரும் சேர்ந்து அமைத்தார்கள் என்பது கருதத்தக்கது.

இனிக் கதைகளுக்கு வருவோம். முதலாவதாக, 1963 நவம்பர் 23ஆம் தேதி ஒளிபரப்பான 'அன் அன்எர்த்லி சைல்டு' என்னும் கதையின் முதற் பகுதியைப் பாருங்கள். இருபத்தைந்து நிமிஷமே ஓடுவது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள் அது. மக்களின் கவனம் முழுவதும் அச்செய்தியில் இருந்தபடியால், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன் இதையே மறுபடியும் காட்டினார்கள். லண்டன் பள்ளி ஒன்றில் படிக்கும் சூசன் என்ற மாணவி சில விஷயங்களில் ஆசிரியரை விஞ்சும் அறிவுடையவள். வேறு சிலவற்றில் பச்சைக் குழந்தைக்குத் தெரிந்ததும் தெரியாதவள். ஐயங்கொண்ட இரு ஆசிரியர்கள், ஒருவர் விஞ்ஞானம் கற்பிப்பவர், மற்றவர் சரித்திரம் கற்பிப்பவர், அவளைப் பின்தொடர்ந்து பழைய இரும்புச் சாமான் கிடங்கு ஒன்றுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு போலீஸ் கூண்டும், பேத்தியைக் காக்கும் கிழவர் ஒருவரும் இருக்கக் காண்கிறார்கள். அயலூர்ப் பள்ளியில் தம் பிள்ளை எப்படிப் பழகுகிறதோ என்று கவலைப்பட்ட பெற்றோர் எவரும் அக்கிழவரின் அச்சத்தையும் கடுகடுப்பையும் எளிதில் புரிந்துகொள்வர். கற்கால மனிதரைக் காட்டும் அடுத்த மூன்று பகுதிகள் அவ்வளவு சிறப்புடையன அல்ல. அவற்றை விட்டுவிடினும் குற்றமில்லை.

இப்பகுதியைப் பார்க்கையில் தொடக்க இசையைக் கண்ணை மூடிக் கேளுங்கள் என்று வானொலி நேயர்களுக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். மெட்டமைத்தவர் ரான் கிரெய்னர். அதற்கு ஒலிவடிவம் கொடுத்தவர், பி.பி.சி.யின் ஒலிப் பட்டறையில் பணிபுரிந்த டெலியா டெர்பிஷயர். சின்தசைசர் கருவிகள் கடைக்கு வராத காலம் அது. ஒலிகளைத் தனித்தனியே நாடாவில் பதிந்து, வேகத்தை மாற்றி, கத்தரித்து, ஒட்டி, அங்குலம் அங்குலமாக அவ்விசையை அவர் கட்டினார். டார்டிஸ் புறப்படும்போது எழும் உறுமல், பழைய பியானோ ஒன்றின் கம்பிமீது வீட்டுச் சாவியைத் தேய்த்துப் பிரயன் ஹாட்ஜ்சன் உண்டாக்கியது. பொருட்செலவு குறைந்த இத்தொடரில் அட்டைச் சுவர்கள் அசைவதைக் காணலாம். ஒலியில் மட்டும் அத்தகைய குறை தெரியாது.

இரண்டாவது கதை, 1964ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் நான்கு பகுதிகளாக வந்த 'தி ஆஸ்டெக்ஸ்'. ஜான் லூகரோட்டி எழுதியது. கட்டுரையின் தொடக்கத்தில் நாம் எழுப்பிய கேள்விக்கு நேர் விடை தேடும் கதை இது. ஐரோப்பியர் காலடி வைப்பதற்கு முந்திய மெக்சிகோவில், ஒரு கல்லறைக்குள் டார்டிஸ் போய் இறங்குகிறது. சரித்திர ஆசிரியையாகிய பார்பரா அங்கிருந்த கங்கணம் ஒன்றைக் கையில் அணிந்துகொள்ள, இறந்துபோன குருவின் மறுபிறவி என்று அவளை மக்கள் வணங்குகிறார்கள். ஆஸ்டெக் மக்கள் கலையிலும் கட்டடத்திலும் கணிதத்திலும் சிறந்தவர்கள். ஆனால் நரபலி இடுபவர்கள். இவ்வொரு பழக்கத்தை ஒழித்துவிட்டால் இந்நாகரிகம் பின்னாளில் அழியாது தப்பும் என்று பார்பரா நம்புகிறாள். நடந்த சரித்திரத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது என்று டாக்டர் மன்றாடித் தடுக்கிறார். அவள் கேட்கவில்லை.

பலியைத் தடுத்து நிறுத்துகிறாள். விளைவு என்ன? பலியாக நின்றவன், தனக்குக் கிடைக்கவிருந்த பெருமை பறிபோயிற்று என்று அவமானமுற்றுத் தானே குதித்து உயிர் துறக்கிறான். பலிகளை நடத்தும் பூசாரி அவள்மீது பகை கொள்கிறான். அவள் சொல்லை நம்பிய ஒரே மனிதர், ஞானத்தின் தலைமைக் குருவாகிய ஆட்லாக். அவர் தம் மக்களின் நம்பிக்கையிலிருந்து விலகி, பதவியையும் உடைமையையும் துறந்து வனாந்தரம் நோக்கிப் போகிறார். பலி நின்றபாடில்லை. ஒரு நாகரிகத்தைக் காக்க வந்து ஒருவரை மட்டும் மாற்றினோமே என்று பார்பரா கலங்கும்போது, அந்த ஒருவருக்கு நன்மை செய்தாய் என்று டாக்டர் தேற்றுகிறார். இத்தேறுதல் போதுமா என்பதை அவரவர் சிந்தனைக்கு விட்டுவிடுகிறார் கதாசிரியர். நடுவே நகைச்சுவையும் உண்டு. கமீக்கா என்னும் மாதரசிக்கு டாக்டர் கோக்கோ பானம் தயாரித்துக் கொடுக்கிறார். அவ்வூர் வழக்கப்படி அது திருமண நிச்சயம் என்பது அவருக்குப் பின்னர்தான் தெரிகிறது! அயலூர்ச் சம்பிரதாயம் அறியாமல் எதையோ ஏற்று எதிலோ சிக்கிக்கொண்ட அனுபவம் நம்மவர் பலருக்கும் உண்டல்லவா?

மூன்றாவது கதையைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். அதற்காகவே அதைச் சொல்கிறோம். வாரிஸ் ஹுசேன் பெரும்பாலும் இயக்கி, 1964இல் ஏழு பகுதிகளாக வந்தது 'மார்க்கோ போலோ'. பாமீர் மலையில் டார்டிஸ் பழுதடைந்து நிற்க, வழியில் வந்த மார்க்கோ போலோ அதைக் கைப்பற்றிக்கொள்கிறார். அவர் தீயவரல்லர். குப்ளாய்கானின் பணியில் பல்லாண்டு கழித்துவிட்ட அவருக்கு வெனிஸ் நகரம் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம். இவ்வரிய ஊர்தியைக் காணிக்கையாக வைத்தால் சக்கரவர்த்தி விடை கொடுப்பார் என்ற எண்ணம். தாம் வீடு திரும்புவதற்காகப் பிறருடைய ஊர்தியைப் பறிக்கும் நல்ல மனிதர் ஒருவரை இக்கதை காட்டுகிறது. ஊர் திரும்பும் ஏக்கம் ஒருவரை எதுவரை கொண்டுசெல்லும் என்பதை இவ்வளவு நியாயமாகச் சொன்ன கதைகள் குறைவு.

இக்கதையின் காட்சிகள் இன்று இல்லை. அக்காலத்தில் வீடியோ நாடா விலை மிகுந்தது. மறு ஒளிபரப்புக்கோ நடிகர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இடம் கொடுக்கவில்லை. ஆகவே நிகழ்ச்சியை அழித்து, அதே நாடாவில் வேறொன்றைப் பதிந்தார்கள். வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த படச்சுருள்களும் நாளடைவில் குப்பைக்குப் போயின. 1978இல் இவ்வழக்கம் நிற்பதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகள் பி.பி.சி.யின் கையை விட்டுப் போய்விட்டன. சில, பின்னர் வெளிநாடுகளிலிருந்து கிடைத்தன. 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' என்னும் 1967ஆம் ஆண்டுக் கதை ஹாங்காங்கிலிருந்து மீண்டது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில், நைஜீரியாவின் நிலையம் ஒன்றில் கிடந்த ஒன்பது பகுதிகள் கண்டெடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

ஆனால் ஒலி மட்டும் ஒரு பகுதிகூட அழியவில்லை. எப்படி? வீட்டிலிருந்த சிறுவர் சிலர், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே டேப் ரிக்கார்டரை வைத்து, தங்கள் விருப்பத்துக்காக வாரந்தோறும் பதிவு செய்து வைத்திருந்தார்கள். நிறுவனம் போற்றாததை நேயர் போற்றினர். 'மார்க்கோ போலோ'வின் ஒலிப்பதிவு, அதில் நடித்த வில்லியம் ரஸல் என்பவரின் இணைப்புரையோடு பின்னர் வெளிவந்தது. வானொலி நாடகம் கேட்டுப் பழகிய செவிகளுக்கு அது நல்ல விருந்து. நம் வீடுகளிலும் பரண்மேல் கிடக்கும் பழைய நாடாக்களில், எந்த நிலையத்திலும் இல்லாத ஒரு கச்சேரியோ நாடகமோ இருக்கக்கூடும். அவற்றைத் தூக்கி எறியுமுன் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நலம்.

நான்காவது, 1969இல் பத்துப் பகுதிகளாக வந்த 'தி வார் கேம்ஸ்'. மால்கம் ஹல்க், டெரன்ஸ் டிக்ஸ் இருவரும் எழுதியது. சற்று நீளம்தான், இடையில் தொய்வும் உண்டு. எனினும் கடைசி இரு பகுதிகளுக்காக மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பூமியின் பல போர்களிலிருந்து வீரர்களைக் கடத்திவந்து, ஒரு கிரகத்தில் தனித்தனிக் களங்களில் மோதவிடுகிறது ஒரு கூட்டம். மனம் மயக்கப்பட்ட அவ்வீரர்கள், தத்தம் நாட்டிலேயே தத்தம் போரையே புரிவதாக எண்ணுகிறார்கள். சூழ்ச்சியை டாக்டர் முறியடிக்கிறார். ஆனால் அத்தனை பேரையும் அவரவர் காலத்துக்கும் ஊருக்கும் திருப்பி அனுப்ப அவரால் இயலாது. அதற்கு வல்லவர்கள் அவருடைய இனத்தார் மட்டுமே. அவர்களை அழைத்தால் தாம் பிடிபடுவது உறுதி. பிறர் வீடு திரும்பத் தம் சுதந்திரத்தை விலையாகக் கொடுத்து அவர்களை அழைக்கிறார். பிறர் விவகாரத்தில் தலையிட்டார் என்பதே அவர்மேல் சாட்டிய குற்றம். தீமையைக் கண்டும் கைகட்டி நிற்பதே குற்றம் என்று அவர் வாதிடுகிறார். வாதத்தை ஓரளவு ஏற்றுக்கொண்டாலும், முகத்தை மாற்றி அவரைப் பூமிக்கு நாடு கடத்துகிறார்கள். 'ஆஸ்டெக்ஸ்' கதையில் தலையிடாதே என்று சொன்ன அதே மனிதர், ஐந்தாண்டுகளில் இந்த நிலைக்கு வந்து சேர்ந்ததைக் கவனியுங்கள். நேரம் இல்லாதோர்க்காக, இதனை வண்ணமேற்றித் தொண்ணூறு நிமிஷமாகச் சுருக்கி 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள்.

ஐந்தாவது, மூன்றாம் டாக்டராக ஜான் பெர்ட்வீ நடித்து, 1970இல் வெளியான 'டாக்டர் ஹூ அண்டு தி சைலூரியன்ஸ்'. மால்கம் ஹல்க் எழுதியது, ஏழு பகுதிகள். அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் அடியில், மலைக்குகைகளில், ஊர்வன இனத்தைச் சேர்ந்த அறிவுடைய உயிர்கள் நெடுந்துயிலிலிருந்து விழிக்கின்றன. அவை வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவை அல்ல; மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இப்பூமியில் வாழ்ந்தவை. அப்படியானால் இம்மண் யாருக்கு உரியது? முன்னே இருந்தவர்க்கா, பின்னே வந்து நிலைத்தவர்க்கா? இரு சாராரிலும் சமாதானம் வேண்டுவோரும் உண்டு. சண்டைக்கு நிற்போரும் உண்டு. டாக்டர் நடுவே நின்று உடன்பாடு காண முயல்கிறார். அவருடைய சொல்லை நம்பிய சைலூரியத் தலைவரை அவருடைய இனத்தைச் சேர்ந்த இளையவனே கொல்கிறான். முடிவில், டாக்டரின் நண்பராகிய இராணுவ அதிகாரி அக்குகைகளை வெடிவைத்துத் தகர்க்கிறார். அவர் கொடியவர் அல்லர். கட்டளைக்கும் கடமைக்கும் கட்டுப்பட்டவர். மண்ணின் மைந்தர், வந்தேறிகள் என்ற சொற்கள் நம் நகரங்களில் எழும்போதெல்லாம் இக்கதை நம் நினைவுக்கு வருகிறது.

ஆறாவது, எல்லோரும் ஒருமுகமாகப் போற்றும் 'ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்'. 1975 மார்ச், ஏப்ரலில் ஆறு பகுதிகளாக வந்தது. டாலெக்குகள் என்பன இரும்புக் கூட்டுக்குள் வாழும் இரக்கமற்ற உயிர்கள். தம் இனம் தவிர வேறெதுவும் வாழலாகாது என்பதே அவற்றின் கொள்கை. 1963 டிசம்பரில் தொடங்கிய இரண்டாம் கதையிலேயே டெரி நேஷன் என்னும் எழுத்தாளர் அவற்றை அறிமுகம் செய்துவிட்டார். இக்கதையில் அவை பிறந்த வரலாற்றை அவரே சொல்கிறார். ஆயிரம் ஆண்டுப் போரில் அழிந்துகொண்டிருக்கும் ஓர் இனம், டாவ்ரோஸ் என்னும் முடமான விஞ்ஞானி, இனத்தைக் காப்பதாகச் சொல்லி அவன் இரக்கத்தையே பிடுங்கி எறிந்து படைக்கும் புதிய உயிர்கள் ஆகியவை கதையின் பொருள். அவற்றைப் பிறப்பிலேயே அழிக்க டாக்டர் அனுப்பப்படுகிறார். வெடிமருந்து வைத்தாயிற்று, இரண்டு கம்பிகளைத் தொட்டு வைத்தால் போதும். நான்காம் டாக்டராகிய டாம் பேக்கர் அக்கம்பிகளைக் கையில் பிடித்தபடி தயங்கி நிற்கிறார். ஒரு குழந்தை பின்னாளில் கொடியவனாவான் என்று அறிந்தாலும் அக்குழந்தையைக் கொல்லலாமா? ஓர் இனத்தையே துடைத்தழித்தால் தமக்கும் டாலெக்குக்கும் வேற்றுமை என்ன? இவ்வினாக்களைத் தம்மையே கேட்டுக்கொள்கிறார். அச்சந்தரும் காட்சிகள் உள்ளமையால் சிறு குழந்தைகளுக்கு இது ஏற்றதன்று. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பெற்றோருடன் அமர்ந்து பார்க்கலாம். பார்த்தபின் பேசுவதற்கும் நிறைய இருக்கும்.

இத்தனை கனமான கதைகளுக்குப் பின் சற்றுச் சிரிக்கவும் வேண்டும். 1979இல் நான்கு பகுதிகளாக வந்த 'சிட்டி ஆஃப் டெத்' அதற்கு உகந்தது. பிற்காலத்தில் நகைச்சுவை நாவல்களால் உலகப் புகழ்பெற்ற டக்ளஸ் ஆடம்ஸ் இதன் வசனத்தில் பெரும்பங்கு கொண்டவர். பாரிஸ் நகரிலேயே படமாக்கினார்கள். தொடர் வெளிநாடு சென்று படமெடுத்தது அதுவே முதல் தடவை. காலத்தில் பல துண்டுகளாகச் சிதறிய வேற்றுக்கிரகவாசி ஒருவன், லியனார்டோ டா வின்சியைக் கொண்டே மேலும் ஆறு மோனாலிசாக்களை வரையச் செய்து, இருபதாம் நூற்றாண்டில் விற்றுப் பணமாக்கத் திட்டமிடுகிறான். டாக்டர் முந்திக்கொண்டு போய் அந்த வெற்றுப் பலகைகளில் எல்லாம், இது போலி என்று பேனாவால் எழுதி வைத்துவிடுகிறார். போட்டித் தொலைக்காட்சி நிறுவனத்தில் அப்போது வேலைநிறுத்தம் நடந்தமையால் இதன் கடைசிப் பகுதியை ஒரு கோடியே அறுபது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

எட்டாவது, 1984 மார்ச்சில் வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசனி'. ராபர்ட் ஹோம்ஸ் எழுதியது. ஒரு மருந்துப் பொருளின் வாணிகத்துக்காக அரசியல்வாதியும், முதலாளியும், படைத்தலைவனும், ஆயுதக் கடத்தல்காரனும் ஒருவரையொருவர் ஏமாற்றும் கிரகத்தில் டாக்டரும் பெரி என்ற பெண்ணும் வந்து அகப்படுகிறார்கள். இருவர் உடலிலும் விஷம் ஏறுகிறது. இம்முறை டாக்டருக்கு உலகைக் காக்கும் எண்ணம் ஏதுமில்லை. அண்மையில்தான் அறிமுகமான அப்பெண்ணைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவே. மாற்று மருந்து ஒருவருக்குப் போதுமான அளவே கிடைக்கிறது. அதை அவளுக்கு ஊட்டிவிட்டு, ஐந்தாம் டாக்டர் பீட்டர் டேவிசன் உயிர் விடுகிறார்; ஆறாமவர் எழுகிறார்.

ஒன்பதாவதாக, பழைய வரிசையைச் சேராத ஒரு கதையையும் சேர்க்கிறோம். 2018 நவம்பர் 11ஆம் தேதி ஒளிபரப்பான 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்'. எழுதியவர் வினய் பட்டேல். டாக்டராக நடிக்கும் முதல் பெண்மணியாகிய ஜோடி விட்டேக்கரின் காலம் அது. அவருடன் பயணம் செய்யும் யாஸ்மின் என்ற இளம்பெண், தன் பாட்டி உம்ப்ரீனின் இளமையைக் காண விரும்ப, 1947 ஆகஸ்டில் பஞ்சாபில் போய் இறங்குகிறார்கள். நாடு பிளவுபடும் வேளை. முஸ்லிம் பெண்ணாகிய உம்ப்ரீனும் இந்துவாகிய பிரேமும் மணம்புரிய நிற்கிறார்கள். பிரேமின் தம்பி மனீஷ் வெறுப்பின் வசப்பட்டுவிட்டான். அங்கே தோன்றும் இரு வேற்றுக்கிரகவாசிகளே 'பூதங்கள்' என்று முதலில் எண்ணுகிறோம். அவர்களோ, துணையின்றித் தனியே இறப்போரின் அருகில் நின்று மரியாதை செலுத்துவதைத் தம் கடமையாகக் கொண்டவர்கள். பூதம் மனிதருக்குள்ளேதான் இருந்தது. பிரேம் இறந்தாக வேண்டும். இல்லையேல் யாஸ்மினின் குடும்பம் இல்லை. டாக்டரும் நண்பர்களும் திரும்பி நடக்கிறார்கள். பின்னால் துப்பாக்கி ஒலிக்கிறது. ஸ்பெயின் நாட்டில் எடுத்த படமாயினும் பஞ்சாபின் துயரம் அதில் பொய்யாகத் தோன்றவில்லை. 1947இல் வந்த அகதிகளின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அண்டை வீட்டாராகக் கொண்டு தில்லியில் வாழும் நம்மவர், அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை இதில் கேட்கலாம்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பழைய தொடரில் ஆசிய நாட்டவர் பாத்திரங்களை ஐரோப்பிய நடிகர்களே முகத்துக்குச் சாயம் பூசி ஏற்றார்கள். 'மார்க்கோ போலோ'விலும் இது உண்டு. 1977ஆம் ஆண்டின் 'தி டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' என்ற கதையைப் பலர் மிகவும் பாராட்டுவர். வசனமும் காட்சியமைப்பும் பாராட்டுக்குரியனவே. ஆனால் லண்டனில் வாழும் சீனர்களை அது காட்டும் விதம் நமக்கு உவப்பாக இல்லை. வேற்றிடத்தில் சிறுபான்மையினராக வாழ்வோர், தம்மைப் பிறர் கேலிச் சித்திரமாக வரைவதன் வலியை அறிவர். ஆகவே அதனை நம் வரிசையில் சேர்க்கவில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தொடரில் பொறாமை தரும் ஓர் அம்சமும் உண்டு. டாக்டரும் அவருடைய துணைவர்களும் எங்கே போனாலும் அவ்விடத்து மொழி அவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது. நம்மவர் எவர்க்கும் அச்சலுகை கிடையாது. சந்தையில் கீரை வாங்குவதற்கும் ஒவ்வொரு சொல்லாகக் கற்றே தீரவேண்டியிருக்கிறது. ஆயினும் மொழி விளங்கிய பின்னும் மனிதரை விளங்கிக்கொள்வது அரிது என்பதைக் கமீக்காவின் கோக்கோ நமக்குக் காட்டிவிடுகிறது.

எந்த முறையில் பார்ப்பது? சிறுவர்கள் உள்ள வீட்டில் 'சிட்டி ஆஃப் டெத்'திலிருந்து தொடங்கலாம். அடுத்து முதற் கதையின் முதற் பகுதி, பிறகு 'ஆஸ்டெக்ஸ்'. இவை பிடித்துப்போனால் சைலூரியன்ஸ், டாலெக் கதைகளுக்குச் செல்லலாம். 'வார் கேம்ஸ்' முற்றிலும் பழகிய பின்னரே. பஞ்சாப் கதையை எப்போது வேண்டுமானாலும் தனியாகக் காணலாம். முன்கதை தெரிய வேண்டுவதில்லை. 'மார்க்கோ போலோ'வை விளக்கைத் தணித்துவிட்டுக் கேளுங்கள். 'மார்க்கோ போலோ' நீங்கலாக ஏனைய கதைகள் குறுந்தகடுகளாக வந்துள்ளன; ஆங்கில எழுத்து வரிகளும் அவற்றில் உண்டாதலால், உச்சரிப்புப் பழகாத பெரியவர்களும் படித்துக்கொண்டே தொடரலாம்.

பழைய கதைகளை ஒரே மூச்சில் பார்த்துவிட முயல வேண்டாம். ஒவ்வொரு பகுதியும், அடுத்தது என்ன என்ற தவிப்போடு ஒரு வாரம் காத்திருப்பதற்காகவே எழுதப்பட்டது. ஒரு மாலைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால், இரவு உணவின்போது பேசுவதற்குப் பொருள் கிடைக்கும். பார்பரா செய்தது சரியா, டாக்டர் அக்கம்பிகளை இணைத்திருக்க வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாம் விடை சொல்ல அவசரப்படாமல், முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்பது நன்று. நாம் குடியேறிய ஊரே அவர்கள் பிறந்த ஊர். ஆதலால் அவர்களுடைய விடை நம்முடையதினின்றும் வேறுபடவும் கூடும்.